கவுஹாத்தி லோடு

சார்ஜர் வயரைச் செருகினால் ஆரஞ்சு விளக்கு ஒருதரம் சிமிட்டுகிறது, உடனே அணைந்துபோகிறது. பிடுங்கிச் செருகினால் மறுபடி ஒரு சிமிட்டல், மறுபடி ஒன்றுமில்லை. இது நாலாவது தடவை. அட கெரகமே, இன்னிக்கா, இன்னிக்குப் பார்த்தா உனக்குச் சீக்கு வரோணும் என்று சாந்தாமணி மடியிலிருந்த கறுப்புப் பெட்டியைக் கேட்டாள்; வாய்விட்டே கேட்டுவிட்டாள் போல, பெஞ்சின் அந்தக் கோடியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இந்த நடையில் பிளக் பாயிண்ட் இருப்பதே ஒன்றுதான், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில், அதிலும் எப்போதும் யாருடைய போனாவது தொங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்குக் காலியாக இருந்தது, நல்ல சகுனம் என்று வேறு நினைத்தாளே, பெரிய சகுனம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து படுத்திருக்கிறார், இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், இடது கையில் இரண்டு ஊசியோடு. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. பதினொரு மணிக்கு ஏற்றினார்கள், மூன்று மணிக்குத்தான் இறக்குவார்கள், செவ்வாய் வியாழன் சனி, வாரத்துக்கு மூன்று தடவை, இரண்டு வருஷமாக. அந்த நாலு மணி நேரத்தை அவர் தள்ளுவதே இந்தப் பெட்டியால்தான். கையில் பிடிக்கிற கம்ப்யூட்டர்ம்மா என்று மகள் தாரணி வாங்கிக் கொடுத்தது, நடுவில் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்குக் குமிழ்கள், உள்ளே ஒரு லாரி ஓட்டுகிற கேம். அவர் அதற்கு வைத்த பேர் வண்டி. வண்டிய எடு புள்ள என்பார், ஊசி குத்தி முடித்ததும். இன்றைக்கும் அப்படித்தான் கேட்டார், எடுத்துக் கொடுத்தாள், திரை வந்தது, நாலு பர்சன்ட் என்று காட்டியது, செத்துப்போனது. "ராத்திரி பூரா சார்ஜ் போட்டேனுங்களே" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி கெளம்பலீன்னா நானும் கெளம்பறேன். ஸ்டெல்லா சிஸ்டர்கிட்டச் சொல்லி ஊசியப் புடுங்கச் சொல்லிரு" என்றார்.

அதைச் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. போன மாசம் ஒரு நாள் இதே மாதிரி இரண்டாவது மணி நேரத்தில் எழுந்துவிட்டார். போதும், கழட்டுங்க என்று ஒரே பிடி. சிஸ்டர் கெஞ்சினாள், டாக்டர் வந்து அதட்டினார், இவள் காலைப் பிடிக்காத குறை. என் சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் விடியக்காலம் மூச்சு விட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, அந்தச் சத்தம், நெஞ்சுக்குள் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஐயோ சாமி, அதை மட்டும் இன்னொருதரம் கேட்க வைத்துவிடாதே. நுரையீரல் பூரா தண்ணி, இன்னொருக்கா இப்படி நடந்தா என் கையில இல்லீங்கம்மா என்று டாக்டர் இவளிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. எல்லாரும் எதையும் இவளிடம்தான் சொல்லுகிறார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் வரும்போது, வேப்பமரம் தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே, "ஆயுத பூசை முடியட்டும் சாந்தா. அதோட நிறுத்திக்கலாம்" என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கத்தில், "இந்தூர் லோடு எறக்கியாச்சு" என்று சத்தமாகச் சொன்னார், கேமில் ஒரு லோடு முடிந்தால் எப்போதும் சொல்லுவதுதான், வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எறக்கியாச்சு. அப்போ வண்டி காலி. காலி வண்டிக்காரன் எங்கே போவான், வீட்டுக்குத்தான் போவான். ஆயுத பூசை நேற்று முடிந்துவிட்டது. இன்றைக்கு வியாழன். அடுத்தது சனி. சனிக்கிழமை காலையில் சட்டையைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் அவள் என்ன செய்ய முடியும், தூக்கிக்கொண்டா வர முடியும்? நிறுத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார்.

நின்னா நிக்கட்டுமே. அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து மூக்கை நுழைத்தது, அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு எழுந்து, அவருக்கு உப்பில்லாமல் தனிச்சமையல், காய்கறியை வேகவைத்துத் தண்ணியை வடித்துக் கொட்டி, குடிக்கிற தண்ணிகூட அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு அளந்து, மிச்சத்தை அவர் கண்ணுக்குப் படாமல் ஒளித்து, ஏழரை பஸ், முழங்கால் வலி, இந்த இரும்பு பெஞ்சு, திரும்ப ஆட்டோ, திரும்ப பஸ். ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் தூங்கினா என்ன என்று இருக்கிறது. சீ, என்ன ரோசனை இது, புத்தி கெட்டவளே. தூங்கலாம், அவர் இல்லாத வீட்டில் காலைக் கையை நீட்டித் தூங்கலாம், வேண்டுமா அந்தத் தூக்கம்? வேண்டாம் சாமி. பையிலிருந்து தாரணி எழுதிக் கொடுத்த தாளை எடுத்தாள். தாரணி ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், ஷிப்டுக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மூன்று மணி வரைக்கும் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. அதனால்தான் போன தடவை வந்தபோது டைரித் தாளில் முழுசாகத் தமிழில் எழுதி, மடித்து, அம்மா இது இருந்தா நானே இருக்கற மாதிரி என்று கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. இடது கையை அசைக்க முடியாத அப்பாவுக்காக ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் வலது பக்கத்துக்கே மாற்றி வைத்தவள். தாளின் முதல் வரி, வேற பிளக்கில் போட்டுப் பார். இந்த நடையில் வேறு பிளக்குக்கு எங்கே போவது? பவர் பட்டனைப் பதினைந்து எண்ணுகிற வரைக்கும் அமுத்திப் பிடி, விடாதே. பிடித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு எண்ணும்போது வார்டுக்குள்ளே ஒரு மெஷின் கூவியது, அவருடையதா, எண்ணிக்கை தப்பிவிட்டது, காதை அங்கே வைத்துக்கொண்டு விரலை இங்கே வைத்துக்கொண்டு, கூவல் நின்றது, மறுபடி ஒண்ணிலிருந்து. பதினைந்து. ஒன்றுமில்லை. போன் சார்ஜரில் போடாதே, அது இதுக்குப் பத்தாது. சரி கண்ணு, போடலை. அந்தப் பெரியவர் இந்தத் தடவை இரண்டு கண்ணையும் திறந்து, "என்னம்மிணி, கரண்டு இல்லியா?" என்றார். "கரண்டு இருக்குதுங்க. இது குடிக்க மாட்டேங்குது" என்றாள். அவருடைய சம்சாரமும் உள்ளேதான் இருக்கிறார். அந்தம்மாள் படுத்ததும் தூங்கிவிடும், குடுத்து வைத்த மனுஷி.

இவருக்குத்தான் படுக்கை ஆகாது. ஸ்டியரிங் பிடித்தே பழகிய உடம்பு. கட்டிக்கொண்டு வந்த புதுசில் மாசத்துக்கு ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம், அந்த ஆறு நாளும் வாசலில் நிற்கிற லாரிக்குக் கீழேயே படுத்திருப்பார். லோடு ஏற்றிவிட்டால் இறக்காமல் திரும்பமாட்டார், அது ஒரு நோய் மாதிரி. நாக்பூருக்குப் பக்கத்தில் அனலாய்க் காய்ச்சல் அடித்தபோது கிளீனர் அழுதிருக்கிறான், ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கண்ணா என்று. முட்டை லோடு, அழுகிரும்டா என்று ஓட்டியிருக்கிறார். அதாவது பரவாயில்லை. தாரணி பிறந்த கதையை என்னவென்று சொல்ல. கார்த்திகை மாச மழை, வலி கண்டுவிட்டது, இவரோ கவுஹாத்தி லோடு ஏற்றிக்கொண்டு சிலிகுரி தாண்டிவிட்டார். முதலாளி எப்படியோ செய்தி சொல்லி, அங்கே ஏதோ பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினார், லைனில் ஒரே இரைச்சல், "எறக்கீட்டு வந்தர்றேன் சாந்தா" என்றார், அவ்வளவுதான், வலியா இருக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. எறக்கீட்டு வந்தர்றேன். வந்தார், பிள்ளைக்குப் பத்தொன்பது நாள் ஆன பிறகு, ஒரு கிலோ டீத்தூளும் தலைக்குப் போடுகிற ஒரு மூங்கில் தொப்பியும் தூக்கிக்கொண்டு. மூன்று மாசம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தொப்பியைக் கோழி அடைக்க வைத்தாள். இருபத்துநாலு வருஷமாக எந்தச் சண்டையிலும் கடைசியில் கவுஹாத்திதான் வந்து நிற்கும். உங்களுக்கென்னங்க, பொண்டாட்டி செத்தாலும் லோடு எறக்கீட்டுத்தானே வருவீங்க என்பாள். இப்போது இறக்குவதற்கு அவரிடம் ஒரு லோடும் இல்லை. இருந்தாலாவது.

அஞ்சாவது தடவை பிடுங்கினாள். வயரின் முனை லேசாகச் சூடாக இருந்தது, மூக்கருகே கொண்டுபோனாள், ஏதாவது தீய்ந்த வாடை அடிக்கிறதா என்று பார்க்க. தீய்ந்த வாடை இல்லை. சந்தன வாடை. ஒரு நிமிஷம் அது தன் நெற்றியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தாள், காலையில் வைத்தது. மறுபடி மோந்தாள். முனையிலேதான். முனையில் மஞ்சளாக ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது, உலர்ந்து, பொடியாக. ஐயோ. அடி பாவி மகளே. நேற்று சாயங்காலம் வீடு மெழுகி, அரிவாள்மனை, சைக்கிள், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், வாசலில் லாரி நின்ற இடத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அது வெறும் மண்ணாகக் கிடக்கிறது. லாரி இருந்த காலத்தில் ஆயுத பூசை என்றால் அவள் கையால்தான் பொட்டு, ஹெட்லைட்டுக்கு இரண்டு, பம்பருக்கு மூன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கடைசியில் டீசல் டேங்க் மூடிக்கு ஒன்று, வாய் வறளாம ஓடு சாமி என்று சொல்லி. அவர் திண்ணென்று நின்று பார்த்துக்கொண்டிருப்பார், எங்கேயாவது ஒரு பொட்டை விட்டுவிட்டாளா என்று. அந்த நினைப்பில்தான் இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பலகையில் வைத்தாள். இதுதானே இப்போ வண்டி. இரண்டு குமிழுக்கும் இரண்டு பொட்டு, திரையின் மேல் ஓரத்தில் மூன்று, அடியில் ஓர் எலுமிச்சம்பழம், கடைசியில் அது கரண்டு குடிக்கிற இந்த ஓட்டைக்கு ஒன்று, நல்லாக் குழைத்த சந்தனமாக, அதன்மேல் குங்குமம், வாய் வறளாம ஓடு சாமி. காலையில் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள், இதை மட்டும் பார்க்கவில்லை. ராத்திரி சார்ஜ் போட்டபோது வயரைக் கொஞ்சம் அமுக்கித்தான் செருக வேண்டியிருந்தது. அமுக்கினாளே, நல்லா அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளினாளே. என் கையாலயே. இந்த உப்பில்லாத சோற்றைப் பொங்குகிற கையாலேயே. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத்தைத் திட்டினாள்.

கை தானாகத் தாலிச் சரட்டுக்குப் போய் அதில் மாட்டியிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றிவிட்டது. தாளில் தாரணி பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ஊசி, பின், கம்பி எதையும் உள்ளே விடாதே, சுட்டுப் போயிரும். அம்மாவைத் தெரிந்த பிள்ளை. பின்னை மறுபடி மாட்டிக்கொண்டாள். மரக்குச்சி மாதிரி ஏதாவது வேண்டும். நடையைப் பெருக்கிக்கொண்டு வந்த மாரக்காவிடம், "அக்கா, சீமாத்துல ஒரு ஈர்க்கு ஒடச்சுக் குடுங்களேன்" என்றாள். மாரக்கா பல் குத்தவா என்று கேட்டுக்கொண்டே மெல்லிசாகப் பார்த்து ஒடித்து, கழுவிக் கொடுத்தாள். அதைத் துடைத்து, பவரை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நடுவில் இருக்கிற அந்த நாக்கு மாதிரி தகட்டில் படாமல் ஓரமாகவே சுரண்டினாள். முதலில் குங்குமம் வந்தது, சிவப்புத் தூளாக, அதற்கப்புறம் சந்தனம், கட்டி கட்டியாக, ஒரு சிட்டிகை சேர்ந்தது முந்தானையில். கூர்மையான கண் அவளுக்கு எப்போதோ போய்விட்டது, விரல்தான் பார்த்தது. ஊது என்று எழுதவில்லை, ஆனாலும் ஊதினாள். செருகினாள். வயர் இந்தத் தடவை க்ளக் என்று முழுசாக உள்ளே உட்கார்ந்தது, முன்னே ஒரு நெல் அளவு வெளியே நின்றிருக்கிறது, அதுகூட அப்போது கண்ணில் படவில்லை பாரேன். ஆரஞ்சு விளக்கு வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. இருந்தது. பத்து எண்ணினாள், பதினைந்து எண்ணினாள், அணையவில்லை. எழுந்து வார்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டி, "ஏனுங்க, டீசல் புடிக்குதுங்க. அர மணி நேரம் பொறுங்க" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர்தான் கையால் சரி சரி என்று காட்டினாள். ஊசி இன்னும் கையில்தான் இருந்தது, அதுவரைக்கும் நல்லது.

பன்னிரண்டரைக்கு, வயரோடேயே பவரை அமுத்தி, சிவப்பு லாரி படத்தை அமுத்தினாள். கொண்டுபோய்க் கொடுத்த பிறகு அவர் முன்னால் அது மக்கர் பண்ணக்கூடாது. வட்டம் சுற்றியது, சுற்றியது, படக்கென்று பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி அமுத்தினாள், மறுபடி அப்படியே. இது என்ன புதுக் கூத்து? தாளைத் தேடினாள். கேம் ஓப்பன் ஆகலீன்னா கீழ கார்டு இருக்கும், நகத்தால அமுத்துனா வெளிய வரும், தொடச்சு மறுபடி அமுத்து. வந்தது, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, இவ்வளவூண்டுக்குள்ளேயா இத்தனை ரோடும் லாரியும் இருக்கிறது. முந்தானையில் சந்தனம் படாத இடமாகப் பார்த்துத் துடைத்து அமுத்தினாள். அப்புறம் என்னவோ இங்கிலீஷில் கேட்டது. நெட்டு கேக்கும், ரெண்டாவது இருக்கறத அமுத்து, நெட் இல்லாமயே ஓடும். அமுத்தினாள். திரை இருண்டது, அவள் நெஞ்சும்தான். திடீரென்று நடை பூரா அதிர, பாம் என்று ஒரு ஏர் ஹாரன். பெரியவர் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். சத்தத்தைக் குறைக்க எங்கே அமுத்துவது என்று தெரியாமல் பெட்டியை மடியில் கவிழ்த்து, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்றாள்.

நிமிர்த்திப் பார்த்தபோது லாரி ஒரு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. காலி வண்டிக்கு எதுக்குத் தார்ப்பாய் என்று முதலில் சாதாரணமாகத்தான் நினைத்தாள். பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவள், ஆனால் பெரிய எழுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால் வாசித்துவிடுவாள், பஸ் போர்டு பார்த்தே பழகியது. திரையின் மூலையில் இரண்டு ஊர் பேர். மேலே இருந்தது NAMAKKAL, அது தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கீழே ஜி. யு. டபிள்யூ. ஏ. ஹெச். அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மீதியை வாசிக்கவில்லை, வாசிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கிலோமீட்டர், 2870, அதற்குக் கீழே பாக்கி 2741. ஒரு தடவை உட்கார்ந்தால் அவர் நானூறு ஓட்டுவார், நானூற்றைம்பதுகூட. செவ்வாய்க்கிழமை இந்தூர் லோடை இறக்கிய பிறகு ஏற்றியிருக்கிறார். ஆட்டோவில் அந்தப் பேச்சைப் பேசிவிட்டு வந்த அதே நாள், மத்தியானத்துக்கு மேல், யாரிடமும் சொல்லாமல். நானூறு நானூறாக விரல் விட்டாள், ஆறு தாண்டியது, ஏழு. ஏழு தடவை. இன்றைக்கு, சனி, செவ்வாய், வியாழன், சனி, செவ்வாய், வியாழன். ரெண்டு வாரம். பொண்டாட்டி செத்தாலும் எறக்கீட்டுத்தானே வருவீங்க. இந்த மனுஷனை எத்தனை தடவை எரிந்து எரிந்து பேசியிருக்கிறாள் இதற்காக. லோடு ஏற்றிவிட்டால் இறக்காமல் திரும்பமாட்டார். திரும்பமாட்டாரே. அவள் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெரியவர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, நல்லா அழுதாள்.

ஒரு மணிக்கு முப்பத்தெட்டு பர்சன்ட் காட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் பலகையில் பெட்டியை நிறுத்தி, அவருடைய வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். "என்னாச்சு?" என்றார். "நாந்தானுங்க. பூசையில டேங்க்குக்குப் பொட்டு வெச்சனே, அது அடச்சிருச்சு" என்றாள். அவர் அவள் முந்தானையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயோரம் லேசாக அசைந்தது. "பொட்டு வெக்காம எடுத்தாத்தான் ரோட்டுல நிக்கும்" என்றார். அவள் மெஷின் ட்யூபைப் பார்த்துக்கொண்டு, குரல் பிசகாமல், "கவுஹாத்தியா?" என்று கேட்டாள். அவருக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது, திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி. கியரைப் போட்டார், லாரி ரோட்டில் ஏறியது. "ம். ரிட்டன் லோடு வேற பேசியிருக்கறேன்" என்றார். சாந்தாமணி தலையணையைச் சரிபண்ணி, ஊசிக் கைக்குக் கீழே துணியை இழுத்துவிட்டாள். "இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு வந்து சேருங்க" என்றாள். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வர்றேன் புள்ள என்றார்.